பயில்வான் என் மேல் போட்ட மண்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு பால்கோவா டப்பா இருக்கிறது. அரைக் கிலோ பிடிக்கிற, வெள்ளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒன்று கண்ணில் படும் என்பதால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வருவதில்லை. போன வாரம் விருதுநகரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அத்தை, பேச்சு சுவாரசியத்தில் தானாகவே எழுந்துபோய் அதை இறக்கி, மூடியைத் திறந்து, ஸ்பூனும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். உள்ளே இருந்தது மண். சாம்பலும் பழுப்பும் கலந்த, சலித்த மாவு மாதிரியான மண். முகர்ந்து பார்த்தால் இன்றைக்கும் லேசாகக் கடுகெண்ணெய் வாடை வரும். அத்தை மூடியைச் சத்தமில்லாமல் மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். செத்த நேரம் கழித்து என் மனைவியிடம் குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, வீட்டுக்கு யாரும் செய்வினை கிய்வினை வச்சுட்டாவளா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த மண்ணைப் பற்றிச் சொல்வதென்றால் பயில்வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கையால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் வேலையில் இருக்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருகிற ஆள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அதை விடமாட்டேன், மனசுக்குள் போட்டு வைத்துக்கொள்வேன். எங்கள் மேஸ்திரி அப்படிப்பட்ட வார்த்தைகளுக்கு ஒரு சுரங்கம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மில்லுக்குள் தமிழில் பழமொழி உண்டாக்குகிறவர். "மெஷின் எப்பவுமே பேசிக்கிட்டுத்தான் இருக்கும்லே, மனுசன்தான் ரிப்பேரான பொறவு கேப்பான்" என்பார். பதினேழு வயதில் நான் கராத்தே கற்கத் தொடங்கி, ஏழெட்டு வருஷம் விடாமல் போய்க் கறுப்பு பெல்ட் வாங்கியிருந்தேன். அதனால் மில்லில் எனக்குப் பெயரே கிடையாது. மேஸ்திரி முதல் கேன்டீன்காரர் வரை எல்லாருக்கும் நான் 'கராத்தே'தான்.

பயில்வானுக்கும் அங்கே பெயர் கிடையாது. பீகாரிலிருந்து வந்து பஞ்சுக் குடோனில் வேலை பார்த்தார். இரும்புப் பட்டை போட்டுக் கட்டிய பஞ்சு பேலை, மற்றவர்கள் இரண்டு பேர் சேர்ந்து புரட்டுவதை, தனியாளாகத் தோளைக் கொடுத்துப் புரட்டுவார். உயரம் அதிகமில்லை. கழுத்து என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டு காதும் கசக்கி எறிந்த காகிதம் போல மடங்கி, தடித்துப் போயிருக்கும். பிறவிக் குறை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மல்யுத்தத்தில் தலையோடு தலை உரசி உரசி அப்படி ஆகும் என்பது பிறகுதான் தெரிந்தது. விடிகிற நேரத்தில் ஹாஸ்டல் முற்றத்தில் தண்டால் எடுப்பார். எண்ணிக்கொண்டு நின்றவர்கள் நூற்றைம்பதில் அலுத்துப்போய் டீக் குடிக்கப் போய்விடுவார்கள். ஆறேழு வருஷத்தில் அவருக்கு வந்திருந்த தமிழ் கையளவுதான், அதிலும் அடிக்கடி வாயில் வருவது ஐந்தே சொல். 'அண்ணா', 'சாப்பாடு', 'பாரம்', 'ஸ்டார்ட்', 'போதும்'. அந்த ஐந்தையும் வைத்து அவர் எல்லாரோடும் சிரித்துப் பேசிவிடுவார்.

எங்கள் இரண்டு பேரையும் மோதவிட்டது கேன்டீன்தான். சாப்பாட்டு நேரத்தில் பேச்சுக்கு விஷயம் இல்லாமல் போனால் ஆட்கள் எதையாவது கிளப்பிவிடுவார்கள். கராத்தே ஜெயிக்குமா, குஸ்தி ஜெயிக்குமா என்று ஒரு நாள் தொடங்கியது ஒரு வாரம் ஓடியது. "இவன் கையைத் தூக்குறதுக்குள்ள அவன் இவனைத் தூக்கிருவான்லே" என்றார் மேஸ்திரி. வாலிபம் தாண்டிக்கொண்டிருந்த வயசு எனக்கு. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வருஷம் வைகாசியில் வார லீவு நாள் ஒன்றில், மில்லுக்குப் பின்னால் கருவேல மரங்களுக்கு முன்னால் இருந்த மில் பொட்டலில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. விளையாட்டுத்தான், யாரும் யாரையும் நோகடிக்கக் கூடாது என்பது பேச்சு.

பயம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். நான் கற்ற சண்டையில் குத்து எதிராளியின் மேல் பட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு விரற்கடை இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும், அதற்குத்தான் புள்ளி. வருஷக் கணக்காக நான் பழகியது அந்த ஒரு விரற்கடையைத்தான். எதிரே நிற்பவன் தோள் அசைந்தால் குத்து வரும், இடுப்பு திரும்பினால் உதை வரும் என்று எனக்குத் தெரியும். இவரோ குத்தவும் மாட்டார், உதைக்கவும் மாட்டார். ஒரு வாரமாக அவர் நடப்பதைப் பார்த்தேன், குனிவதைப் பார்த்தேன், எதுவும் பிடிபடவில்லை. தெரியாத பாஷையில் ஒரு கடிதம் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அன்றைக்கு நான் வெள்ளை உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன். அவர் ஒரு லங்கோட்டோடு நின்றார். சுற்றிலும் முப்பது நாற்பது பேர். எங்கள் முறைப்படி நான் இரண்டு கையையும் தொடையோடு சேர்த்துவைத்துக் குனிந்து வணங்கினேன். அவர் பதிலுக்கு வணங்கவில்லை. தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அதுவரை சரி. பிறகு உட்கார்ந்து கை நிறைய மண்ணை அள்ளித் தன் புஜத்திலும் தொடையிலும் தேய்த்துக்கொண்டார். இன்னொரு கை அள்ளினார். நேராக என்னிடம் வந்தார். என் நெஞ்சின் மேல் அதைப் போட்டார்.

வெள்ளைத் துணியில் செம்மண் வழிந்தது. கூட்டத்தில் யாரோ, "ஏலே, கராத்தே மேல மண்ணை வாரிப் போடுதாம்லே" என்றான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் பொட்டலில் இல்லை. ஒன்பது வயதுப் பையனாக எங்கள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டைப் பாகம் பிரித்த சண்டையில் பங்கு கிடைக்காமல் போன என் சித்தி தெருவில் நின்று, மூன்று தடவை மண்ணை வாரி எங்கள் வாசலில் தூற்றினாள். "வெளங்கவே மாட்டீங்க" என்றாள். அந்த மாதம் முடியுமுன் அப்பா கிணற்று மோட்டாரில் கரண்ட் அடித்துப் போய்விட்டார். மண் தூற்றினால் குடும்பம் விளங்காது என்பது ஊர் உலகத்துக்குப் பேச்சு. எனக்கு அது கண்ணால் பார்த்தது. அம்மா சாகிறவரை அந்த வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கணம் நின்றுதான் தாண்டுவாள்.

அடித்துவிட்டேன். விரற்கடையில் நிறுத்துகிற கை அன்றைக்கு நிற்கவில்லை. முழு உடம்பும் பின்னால் வர, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போட்ட குத்து. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்டிருக்கும். மண் ஒட்டிய அவருடைய இரண்டு கையும் அப்போது கூட விரிந்துதான் இருந்தன. முகத்தில் கோபம் இல்லை, சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்ற ஒரு முகம். மெல்லத் தரையில் உட்கார்ந்தார். தோளைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"அண்ணா, இன்னும் ஸ்டார்ட் இல்ல."

காறை எலும்பு முறிந்திருந்தது. ராஜபாளையம் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்து, இரண்டு தோளையும் பின்னால் இழுத்துக் கட்டி அனுப்பினார்கள். தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்கிற எங்கள் ஊரில் நெய்கிற பேண்டேஜ் துணி, எங்கள் ஊர் ஆள் ஒடித்த எலும்பைச் சுற்றியிருந்தது. மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மறுநாள் மில் ஆபீசில் விசாரித்தபோது, குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன் என்று அவர் சைகையும் சொல்லுமாகச் சொன்னார். மில் எல்லைக்குள் அடிதடி என்றால் இரண்டு பேருக்கும் கேட்டுக்கு வெளியேதான் இடம், அது அவருக்கும் தெரிந்திருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

ஆனால் அடுத்த பத்து நாளும் நான் என் பக்கம் நியாயம் பேசிக்கொண்டே திரிந்தேன். கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும், மண்ணை வாரிப் போட்டால் எவனுக்குத்தான் கோபம் வராது என்று சொன்னேன். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். மேஸ்திரி மட்டும் ஆமாமும் போடவில்லை, இல்லையும் போடவில்லை. "தெரியாத பாஷையில ஒருத்தன் பேசுனா, நல்லா இருன்னு வாழ்த்துனாலும் நமக்குத் திட்டுத மாதிரித்தான் கேக்கும். நீ எதுக்கும் போய் என்னான்னு கேட்டுட்டு வா" என்றார். வீட்டில் என் மனைவி இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "நியாயம் உங்க பக்கமாவே இருக்கட்டும். எலும்பு ஒடைஞ்சது அந்தப் புள்ளைக்குத்தான. வெறுங்கையோட போவாதீங்க." அவளே போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கி வந்து என் பையில் வைத்தாள்.

ஹாஸ்டல் அறையில் அவர் கட்டிலில் சாய்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அண்ணா, சாப்பாடு?" என்றார். டப்பாவைக் கொடுத்தேன். அங்கேயே திறந்து, அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து, எனக்கும் ஒரு வாய் ஊட்டுகிற மாதிரி நீட்டினார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், நான் கையால் மண் அள்ளி நெஞ்சில் போடுகிற மாதிரி செய்து, ஏன் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் போனைத் தேடி எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். அவருடைய கிராமம். அரச மரத்தடியில் கொத்திப் பதப்படுத்திய மல்யுத்தக் களம். இரண்டு பேர் எதிரெதிரே வருகிறார்கள். ஒருவர் குனிந்து மண் அள்ளி மற்றவர் நெஞ்சில் போடுகிறார், தோளில் தடவுகிறார். மற்றவரும் அதேபோல் செய்கிறார். சுற்றி நிற்கும் நரை மீசைக்காரர் ஒருவர் இருவர் தலையிலும் ஒரு சிட்டிகை தூவுகிறார். பிறகுதான் பிடிக்கவே தொடங்குகிறார்கள். அறையில் கூடத் தங்கியிருந்த ஒருவருக்குத் தமிழ் நன்றாக வரும். அந்த மண் அவர்களுக்குத் தாய் மாதிரி, கடுகெண்ணெயும் மஞ்சளும் மோரும் ஊற்றிப் பிசைந்து வளர்ப்பார்கள், உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று எதிராளிக்குப் போட்டுவிடுகிற காப்பு அது என்றார். நான் அந்த வீடியோவை நான்கு தடவை திருப்பிப் போடச் சொன்னேன். ஐந்தாவது தடவை பார்க்க முடியவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வந்த கை அது. அதைத்தான் ஒடித்திருக்கிறேன்.

அத்தோடு முடியவில்லை. பயில்வான் ஒவ்வொரு வருஷமும் நாகபஞ்சமிக்கு ஊருக்குப் போவார். அன்றைக்கு அங்கே மல்யுத்தப் பந்தயம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரோடு வருஷத்துக்கு ஒரே ஒரு பிடி பிடிப்பார். ஒரு வருஷம் இவர் ஜெயிப்பார், ஒரு வருஷம் அவர். மீதி முன்னூற்றுச் சொச்சம் நாளும் தண்டால் எடுப்பது அந்த ஒரு பிடிக்காகத்தான். ரயில் டிக்கெட் கூட எடுத்து வைத்திருந்தார். அதைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்துக் காட்டி, "போதும்" என்று சிரித்தார். இந்த வருஷம் இல்லை என்பதற்கு அவர் வாயில் வந்தது அந்தச் சொல்தான்.

நாகபஞ்சமி எங்கள் ஆடிப்பூரத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் வரும். அந்த வருஷம் தேரோட்டத்துக்கு அவரை வீட்டுக்கு அழைத்தேன். ஊர் முழுக்க மோர்ப்பந்தலும் ஜனமுமாக இருந்தது. தேர் வடத்தைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது தெரிந்தது. கட்டுப் போட்ட தோளோடு கூட்டத்துக்குள் விட முடியாது. வடத்தின் கடைசி நுனியில் நான் முன்னால் நின்று ஆட்களைத் தடுத்துக்கொள்ள, அவர் நல்ல கையால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், வாயால் கேட்கவில்லை. எந்தப் பாஷையில் கேட்பது என்று தெரியவில்லை. என் மனைவிதான் சாப்பாடு பரிமாறும்போது அவருக்கு நான்காவது தடவையும் சோற்றைப் போட்டு அதைக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

எலும்பு கூடி, மறுபடி பேல் தூக்கத் தொடங்கிய பிறகு, ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அவரே வந்து, "அண்ணா, ஸ்டார்ட்?" என்றார். இந்தத் தடவை கூட்டம் வேண்டாம் என்றேன். மேஸ்திரிக்குச் சேத்தூர் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. உழுது போட்டிருந்த ஒரு துண்டு நிலத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். மேஸ்திரி வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து மண் அள்ளினேன். அவர் நெஞ்சில் போட்டேன். அவரும் எனக்குப் போட்டார். ஈர மண் நெஞ்சில் குளிர்ந்து ஒட்டியது.

குத்தும் உதையும் கிடையாது, பிடி மட்டும்தான் என்று ஒப்பந்தம். முதல் தடவை நான் எப்படி விழுந்தேன் என்றே தெரியாது. நின்றுகொண்டிருந்தேன், பிறகு மேற்கு மலையும் அதன் மேலிருந்த மேகமும் தெரிந்தன. இரண்டாவது தடவையும் அதே மேகம்தான். எட்ட நின்று எதிராளியைக் கண்ணால் அளப்பதுதான் எனக்குத் தெரிந்த சண்டை. இங்கே கண்ணுக்கு வேலையே இல்லை. அவர் நெற்றி என் தோளில் இருந்தது. அவர் மூச்சு எப்போது இழுக்கிறது, எப்போது விடுகிறது என்பது என் விலா எலும்புக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவை எனக்கு ஒரு வழி கிடைத்தது. அவருடைய ஒடிந்து கூடிய தோள் பக்கம் திறந்து கிடந்தது. அங்கே பிடித்து இழுத்தால் சாய்த்திருக்கலாம். என் கை அங்கே போய், தொடாமல், பழைய வழக்கப்படி ஒரு விரற்கடையில் நின்றுவிட்டது.

அவர் உடனே என்னை விட்டுவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எலும்பு ஒடிந்த அன்றைக்கு வராத கோபம்.

"அண்ணா, பாவம் இல்ல. நல்ல கை. பிடி."

வரப்பிலிருந்து மேஸ்திரி, "பிடிலே. ஒடைச்சவன் பிடிச்சாத்தான் அது கூடுனதா அர்த்தம்" என்றார். பிடித்தேன். அந்தத் தோளை இரண்டு கையாலும், என் பலம் அம்புட்டையும் கொடுத்துப் பிடித்து இழுத்தேன். கல் மாதிரி இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே அந்தத் தோளாலேயே என்னைத் தூக்கிப் போட்டார். வாய்க்குள் மண் போய்விட்டது. துப்பிக்கொண்டே நானும் சிரித்தேன். அந்த வைகாசியிலிருந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த ஒன்று அப்போதுதான் இறங்கியது.

அடுத்த நாகபஞ்சமிக்கு அவர் ஊருக்குப் போய் அந்தப் பக்கத்து ஊர்க்காரரோடு பிடித்துத் தோற்றுவிட்டு, சந்தோஷமாகத் திரும்பி வந்தார். வந்ததும் என்னிடம் ஒரு டப்பாவை நீட்டினார். நான் கொடுத்த அதே பால்கோவா டப்பா. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், அவர்கள் வீட்டிலும் அப்படித்தானாம். அவர் அம்மா அதில் களத்து மண்ணைச் சலித்து நிரப்பி அனுப்பியிருந்தார். எங்கள் மண்ணில் கல் இருக்கும். அதில் நான் விரலால் துழாவிப் பார்த்தேன், ஒரு கல் கூட இல்லை. யார் தோளும் உரசக் கூடாது என்று எத்தனையோ பேர் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த மண் அது.

அதற்கு அடுத்த வருஷம் அவருடைய அப்பா தவறிவிட்டார். நிலத்தைப் பார்க்க ஆளில்லை, ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன் என்றார். ராஜபாளையம் ஸ்டேஷனில் சாயங்கால ரயிலுக்கு நான் மட்டும் போயிருந்தேன். டப்பாவிலிருந்து ஒரு கை மண்ணைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்திருந்தேன். வண்டி வந்து நின்றது. அவர் இரும்புப் பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கி வந்தார். நான் காகிதத்தைப் பிரித்து, அந்த மண்ணை அள்ளி அவர் நெஞ்சில் போட்டேன்.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி பதறி எழுந்தார். "ஏலே, ஊருக்குப் போற புள்ள மேல மண்ணை வாரிப் போடுதியே, உன் கை வெளங்குமா?" என்றார். அந்த ஆச்சி கேட்டது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தேன். பயில்வான் குனிந்து, பிளாட்பாரத்தில் சிந்தியிருந்ததைக் கூட்டி அள்ளி, என் வெள்ளைச் சட்டையின் மேல் போட்டார். ஆச்சி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிதான், ரெண்டும் ஒரே ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்சு வந்ததுக போல" என்று கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. அவர் வாசலில் நின்று கையைக் காட்டினார். சட்டையைத் தட்டாமலே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

இப்போது சித்தியை நினைத்தாலும் பழைய பயம் வருவதில்லை. வீட்டையும் இழந்து தெருவில் நின்றவளுக்கு அன்றைக்குக் கையில் எடுக்க மண்ணைத் தவிர வேறு என்ன இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அப்பாவைக் கொண்டுபோனது மோட்டாரின் பழுதான ஒயர்தான் என்பது பிட்டர் வேலை பார்க்கிற எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். பயில்வானிடமிருந்து ஒவ்வொரு நாகபஞ்சமிக்கும் போனில் வீடியோ வருகிறது. அவர் மீசையும் நரைக்கத் தொடங்கிவிட்டது.

போன வாரம் அத்தையிடம் இவ்வளவையும் நான்தான் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்து, "அப்போ மூடியை நல்லா இறுக்கி வைங்க மருமவனே. நான் அவசரத்துல சரியா மூடலை, ஈரங்கீரம் எறங்கிறப் போவுது" என்றார். அவரை விருதுநகர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததும், சட்டையைக் கூடக் கழற்றாமல் நேராகப் போய் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடினேன்.